நீர்நாய்ப் பரீட்சை

என் வீட்டில் என் சொல்தான் சட்டம். அந்தச் சட்டம் இதுவரை மலேசியாவில், எங்கள் ஊரான பத்து காஜாவில் அமலுக்கு வரவில்லை, அவ்வளவுதான். போன மாதம் அமல்படுத்தியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

காரணம் ராட்னி. தஞ்சோங் மாலிம் என்ற ஊரில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு காட்டு மிருகங்களைப் படம் பிடிக்கக் கிளம்பிவிடுவான். அவனோடு போகும் இளவட்டக் கூட்டத்தில் என் ஒரே மகள் மெலிண்டாவும் உண்டு. இருவரும் சேர்ந்து காட்டுப்பன்றியைப் பார்த்தார்கள், மரநாயைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள்.

பையனிடம் குறை எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கடுப்பு. மெலிண்டா தஞ்சோங் மாலிமுக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் என் மனைவி பெர்னடெட்டும்தான். நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா?

"அவனுக்கு ஒரு பரீட்சை வைக்கப்போறேன்," என்றேன்.

"என்ன பரீட்சை?" என்றாள் பெர்னடெட்.

"எஸ்டேட்டுக்குப் பின்னால பழைய ஈயச் சுரங்கக் குளம் இருக்குல்ல? அங்கே மெமெராங்கைக் குட்டியோட படம் எடுத்துக் காட்டட்டும். அப்புறம் கல்யாணம் பேசலாம்."

"நீர்நாயா? அது வருமோ வராதோ!"

"வரலைனா மருமகனும் வரவேணாம்லா. நான் பக்கத்துல உக்காந்து பார்க்கணும். எனக்கு ஞாயித்துக்கிழமை காலையிலதான் நேரம்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பெர்னடெட் ஞாயிறு காலைப் பூசையை விடவே மாட்டாள். எனக்குக் காய்ச்சல் அடித்தபோதும் போர்வையோடு சர்ச்சுக்கு இழுத்துப் போனவள். அவளே குறுக்கே நிற்பாள், பரீட்சை நடக்காது, பழியும் அவள் மேல் போகும்.

"சரி, போய்ட்டு வாங்க," என்றாள்.

"அப்ப பூசை?"

"சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்க்கலாம். ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

இருபத்தெட்டு வருடத்தில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் நானும் ராட்னியும் மெலிண்டாவும் குளக்கரைப் புதருக்குள் உட்கார்ந்தோம்.

"அங்கிள், போனை ஆஃப் பண்ணிடுங்க. பேசக் கூடாது, இருமக் கூடாது," என்றான் ராட்னி, காதோடு.

"தும்மலாமா?"

"அப்பா, உஷ்!" என்றாள் மெலிண்டா.

மூன்று மணி நேரம்! பல் பிடுங்கிய அன்றுகூட என் வாய் இவ்வளவு நேரம் மூடியிருந்ததில்லை. கொசுக்கள் என் மேல் கந்தூரி விருந்து நடத்தின. ராட்னி தன் சட்டையைக் கழற்றி என் காலில் போர்த்திவிட்டான். இந்த நல்ல குணம்தான் பிடிக்காது என்றேனே. ஒரு கொக்கு வந்தது. ஓர் உடும்பு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. நீர்நாய் மட்டும் வரவேயில்லை.

ராட்னி முகம் தொங்கிப்போனது. "அங்கிள், இன்னும் ரெண்டு ஞாயிறு சான்ஸ் கொடுங்க. நீங்களும் வரணும்."

ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வராதா?

"எடுத்துக்கோ தம்பி. இந்த மரியஜோசப் சொன்னா சொன்னதுதான். ரெண்டு ஞாயிறும் வாரேன்," என்று அவன் கையில் அடித்துச் சத்தியமே செய்தேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ரோய்ஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்தான். சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருப்பவன்.

"வாழ்த்துகள் மச்சான்! பூசையில முதல் ஓலை வாசிச்சாச்சுலா!"

"என்ன ஓலை?"

"மெலிண்டாவுக்கும் ராட்னிக்கும் கல்யாணம்னு ஃபாதர் அறிவிச்சாரு. மூணு ஞாயிறு வாசிப்பாங்க. யாராச்சும் தடை சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லணும்."

உள்ளே பாய்ந்தேன். பெர்னடெட் சாவகாசமாகக் கோழி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது? பெத்த அப்பன்கிட்டக் கேக்க வேணாமா?"

"கேட்டாங்களே. தடை இருக்கானு அத்தனை பேர் முன்னால கேட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசலை."

"நான் குளத்துலலா இருந்தேன்!"

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"இன்னும் ரெண்டு ஓலை பாக்கி இருக்கு. அடுத்த ஞாயிறு எழுந்து நின்னு கத்துறேன், பாரு!"

பெர்னடெட் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு ஞாயிறும் குளத்துக்கு வாரேன்னு சத்தியம் பண்ணீங்களாமே, மெலிண்டா வாட்ஸ்அப்புல சொன்னா. சொன்ன சொல் மாறுற ஆம்பளையா நீங்க? சப்பாத்தைக் கழட்டுங்க, கழுவிக் காயப் போடுறேன். அடுத்த ஞாயித்துக்கு வேணும்ல."