புள்ளி வைத்த டம்ளர்

விழுப்புரத்துக்குக் கல்லூரி வந்த கையோடு சமத்துவ மன்றமும் வந்தது. கணக்கு வாத்தியார் அரங்கநாதன் அதற்குத் தலைவராகியே தீருவது என்று முடிவு கட்டினார். டீக்கடையில் சேரிக்காரர்களுக்குத் தனி டம்ளர் வைப்பதை மேடை மேடையாகக் கிழித்தவர் அவர். மன்றக் கூட்டத்தைத் தன் வீட்டிலேயே வைத்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காப்பி என்று அறிவித்தும்விட்டார்.

புதிதாக ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, ஒன்றின் அடியில் மட்டும் கடுகளவு புள்ளி வெட்டி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவி பொன்னியைச் சமையலறையில் ஓரங்கட்டினார்.

"புள்ளி வச்சது முருகையனுக்கு. அப்பறம் அத தனியா கவுத்து வச்சிடு. வெளிய தெரிஞ்சா பேஜாரு."

முருகையன் கோலியனூர்ச் சேரியிலிருந்து படித்து வந்த இளம் ஆசிரியர். பொன்னி மறுபேச்சில்லாமல் "சரிங்க" என்றாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. காப்பி குடித்து முடித்த முருகையன் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எங்கம்மா சாவற வரிக்கும் அடுத்தவங்க வீட்ல டம்ளர தொட்டதில்லீங்க. மேல இருந்து ஊத்துவாங்க. ரெண்டு கையையும் ஏந்திக்கினு குடிக்கும்."

அரங்கநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை நிஜம்தான், அதுதான் கொடுமை. அவரையே ஏகமனதாகத் தலைவராக்கிவிட்டுக் கலைந்தார்கள். கதவோரம் நின்ற பொன்னி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேசிப் பேசித் தலைவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஒரு டம்ளரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். புள்ளி. இன்னொன்றிலும் புள்ளி. ஆறிலும் புள்ளி. பழைய பித்தளைச் செம்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நேத்து பேர் வெட்றவரு தெருவுல வந்தாருங்க. ஒண்ணு மட்டும் தனியா இருக்கேன்னு எல்லாத்துலயும் வெட்டிக்கினேன்" என்றாள் பொன்னி.

"அவன் எதுல குடிச்சான்?"

"எல்லாம் ஒண்ணுன்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க. எனக்கென்னாங்க தெரியும்?"

"அப்ப நான் தண்ணி எப்டிடீ குடிக்கறது?"

பொன்னி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"கைய ஏந்துங்க, ஊத்தறேன்."

பின்னாலேயே போன அவருக்குத் தாகம் தாங்கவில்லை. சமத்துவ மன்றத் தலைவர் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார்.