மூன்றாம் மாடியிலிருந்து அக்காவை இறக்கிய வரலாறு

இந்த உலகத்தைத் தாங்கி நிற்பவர்கள் இரண்டே கூட்டத்தார். முதலாவது, அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர். இரண்டாவது, 'தோள் கொடுக்கும் கத்தோலிக்க ஆண்கள் சகோதர சபை'யைச் சேர்ந்த எங்கள் பத்தொன்பது பேர். அப்போஸ்தலர்களை நான் குறை சொல்ல வரவில்லை. பாவம், அவர்களுக்கு மண்டபம் கிடையாது, வாள் கிடையாது, உபகுழு கிடையாது. ஏதோ தெரிந்தவரைக்கும் செய்தார்கள்.

நான் பூட்டு ரிப்பேர்க்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அறுபத்தெட்டு வயது வரை எந்தச் சங்கத்திலும் சேர்ந்ததில்லை. நாலு பேர் சேர்ந்து எனக்குக் கும்பிடு போட்டால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும். அப்பேர்ப்பட்டவன் சபையில் சேர்ந்தது என் அக்காவுக்காக.

அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் இரண்டு வருடமாக ஓடவில்லை. அதன் கதவில் 'விரைவில்' என்று மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இந்த நேரத்தில்தான் அவள் மகளுக்கு, நாற்பத்தொரு வயதில், கல்யாணம் கூடி வந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம்தான் கோவில். மகள் பீடத்துக்கு முன்னால் நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அக்கா கேட்டது. சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்க நாலு ஆள் வேண்டும். இருந்தது நான் ஒருவன், அதுவும் பழைய சரக்கு.

"சபையில போய்க் கேளேன்டா. தோள் கொடுக்குறோம்னு அவ்ளோ பெரிய போர்டு மாட்டியிருக்காங்க" என்றாள்.

கேட்டேன். தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"ரொம்ப உன்னதமான கோரிக்கை. ஆனா, உறுப்பினர் குடும்பத்துக்குத்தான் முதல் தோள். நீங்க உறுப்பினரா?"

"இல்லீங்க."

"ஆயிடுங்க."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஒருவர். செயலாளர் இன்னொருவர், அவர் பல் டாக்டர், எதிரில் இருப்பவன் வாயைத் திறந்தால் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறீங்களா?"

"தவறாம."

"பாவசங்கீர்த்தனம்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிடுவேன்."

"ஏன் அவ்ளோ கம்மி?"

"பூட்டுக்கடையில அதுக்கு மேல வாய்ப்பு இல்லீங்க."

"கீழ்வரிசையில ரெண்டு ஆடுது" என்று எழுதிக்கொண்டார் செயலாளர். "சேத்துக்கலாம்."

மூன்றாமவர் சவப்பெட்டிக் கடைக்காரர். அவர் கேள்வியே கேட்கவில்லை. உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சடி ஆறங்குலம்" என்று பதிவு செய்தார்.

சேர்க்கைச் சடங்கைப் பற்றி வெளியே மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே சொல்ல மாட்டேன். முடிந்த பிறகு பிஸ்கட் தந்தார்கள் என்பது ரகசியத்தில் சேராது என்று நினைக்கிறேன். இறகு வைத்த தொப்பி, தோளில் சிவப்புப் பட்டை, இடுப்பில் வாள். என் தொழிலை உத்தேசித்து 'உள்வாசல் காவலர்' என்ற பதவியும் கொடுத்தார்கள். கூட்டம் நடக்கும்போது உறுப்பினர் அல்லாதார் எவரும், குறிப்பாகப் பெண்கள், மண்டபத்துக்குள் இல்லாதபடி பார்த்துக்கொள்வது என் கடமை. கண்ணாடியில் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. பிடித்திருந்தது.

அக்கா விஷயம் மூன்று கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது. இறக்குவதற்கு முன் தூக்கியாக வேண்டும் என்பதைச் செயலாளர் கண்டுபிடித்ததால் இரண்டு தீர்மானங்கள் தேவைப்பட்டன. உபகுழு நேரில் சென்று படிகளை எண்ணி, ஐம்பத்து நான்கு என்று ஒருமனதாக முடிவு செய்தது.

"நம்ம பெட்டியில வெச்சா ஆறு பேர் சுளுவா தூக்கிடலாம். கைப்பிடி இருக்கு" என்றார் சவப்பெட்டிக்காரர்.

"அக்கா உசுரோட இருக்காங்க, அண்ணே."

"அதாங்க சிக்கல்."

யார் தூக்குவது என்ற கட்டத்தில் சபையில் ஆழ்ந்த ஆன்மிகம் நிலவியது. தலைவருக்கு இடுப்பு. செயலாளருக்குக் கை, பல் பிடுங்குகிற கையைப் பாதுகாக்க வேண்டும். மற்றவர்களுக்கு முதுகு, மூச்சு, மனைவி. கடைசியில் தலைவர் எழுந்து, "மொத்த சபையும் முழுச் சீருடையில படிக்கட்டுல அணிவகுக்கும். பரிசுத்த ஆவியானவர் அந்த நேரத்துல யாரை ஏவுறாரோ அவங்க தூக்குவாங்க" என்றார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

கல்யாண நாள் காலை. ஆறு படிக்கு ஒரு ஜோடியாகச் சகோதரர்கள். இரு பக்கமும் வாளை உயர்த்தி நுனியோடு நுனி சேர்த்து வளைவு போட்டார்கள். உச்சிப்படியில் நான், சபைக் கொடியோடு. கொடியைத் தரையில் வைக்கக்கூடாது என்பது பதினான்காவது விதி. அக்கா புது உடுப்பில் நாற்காலியில் காத்திருந்தாள்.

ஆவியானவர் யாரையும் ஏவவில்லை.

எதிரே கோவில் மணி அடித்தது. இறகுகள் ஆடின. யாரோ தும்மினார்கள். இரண்டாவது மணியும் அடித்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன்.

"சரி, நகருங்கப்பா" என்றாள். உடுப்பைச் சுருட்டிப் பிடித்தாள், நாற்காலியிலிருந்து சரிந்து முதல் படியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே அடுத்த படிக்கு இறங்கினாள். அப்புறம் அதற்கடுத்த படி.

"சல்யூட்!" என்றார் தலைவர்.

ஐம்பத்து நான்கு படி, ஐம்பத்து நான்கு சல்யூட்.

"மெதுவா சகோதரி, மெதுவா!"

"வாளை உசத்திப் புடிங்க, கண்ணைக் குத்திடப் போறீங்க."

"எவ்ளோ பக்குவமா இறக்குறோம் பாருங்க!" என்று செயலாளர் போட்டோக்காரரிடம் பெருமைப்பட்டார்.

பின்னாலேயே நாற்காலியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். காலி நாற்காலியை.

அக்கா கல்யாணத்தைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. அந்தக் கையாலேயே மகளுக்குச் சிலுவை போட்டாள். கிளம்பும்போது அக்கா மகள் என்னிடம், "மாமா, அம்மாவை மேல ஏத்திடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"இத்தனை வாள் இருக்கேம்மா" என்றேன்.

தலைவர் மட்டும் தெளிவாக இருந்தார். "தீர்மானம் இறக்குறதுக்குத்தான். ஏத்துறது புது விஷயம். அடுத்த மாசம் வைக்கலாம்."

"அப்ப அடுத்த மாசம் வரைக்கும் நான் இங்கதான்" என்றாள் அக்கா. சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு கோவிலை ஒட்டிய எங்கள் மண்டபத்துக்குள் போய்விட்டாள். அன்றிரவு அங்கேயே படுத்தாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பாராட்டுக் கூட்டம். பொருள்: 'இறக்கிய வெற்றி'. தலைவர் மணியடிக்கக் கையெடுத்தார், மண்டபத்தின் நடுவே ஒரு பெண் இருப்பதைப் பார்த்துக் கையை இறக்கினார்.

"உள்வாசல் காவலரே! உங்க கடமை!"

நான் வாளைச் சரிசெய்துகொண்டு போனேன். "அக்கா, கொஞ்சம் வெளிய வாயேன்."

"வந்து?"

வாளை மறுபடியும் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தேன். அக்கா நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். க்ளக். இனி உருட்ட முடியாது.

தலைவர் அவசரத் தீர்மானம் கொண்டுவந்தார். விவாதம் இல்லை, உபகுழு இல்லை. அரை நிமிடத்தில் நிறைவேறியது. அடுத்த கணம் எட்டுப் பேர் எழுந்தார்கள். முன்பக்க வலது மூலையில் தலைவர், இடுப்போடு. இடது சக்கரத்தில் செயலாளர், அதே பல் பிடுங்குகிற கையோடு. சவப்பெட்டிக்காரர் பின்னால் நின்று, "ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" என்றார். நாற்காலியும் அக்காவும் தலையணை மாதிரி மேலே போனார்கள்.

"எங்க வைக்கலாம்?" என்றார் வாசலில் தலைவர்.

"இங்க வெச்சா பூசைக்கு வந்தவங்க பாத்துட்டு என்னான்னு கேப்பாங்க. ரோட்டைத் தாண்டிடுங்க" என்றாள் அக்கா.

தாண்டினார்கள்.

"இங்கயும் வேணாம், திரும்பவும் உருட்டிக்கிட்டு வந்துடுவேன். கொஞ்சம் மேல வெச்சா வர முடியாது."

அதில் நியாயம் இருப்பதாகத் தலைவருக்குப் பட்டது. ஏறினார்கள். முதல் மாடியில், "இன்னும் மேல போனா இன்னும் பத்திரம்" என்றாள். எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட மூச்சு வாங்கவில்லை. மூன்றாம் மாடியில் அவள் வீட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில், துளி குலுங்காமல் இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குத் திரும்பினார்கள்.

எங்கள் சகோதரர்களுக்குத் தோள் இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். எட்டு ஜோடித் தோளை என் கண்ணால் பார்த்தேன். உதவி என்று கேட்டால் தெரியாது. வெளியே போ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் எங்கிருந்துதான் அந்த வலு வருமோ. அன்றைக்கு அவர்கள் இடித்துக்கொள்ளாமல் போகட்டும் என்று மண்டபக் கதவை அகலத் திறந்து பிடித்திருந்தது, அவள் கூடப் பிறந்த நான்.