மழையைச் சாட்சிக்கு அழைத்த வக்கீல்

எதற்குமே தலையாட்டாமல் ஒரு மனிதன் நிம்மதியாக வாழ முடியும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருந்த ஒரே அத்தாட்சி ஆட்சேபணை வக்கீல்தான். அவருடைய சொந்தப் பெயர் வீட்டு வாசல் பலகைக்கு மட்டுமே தெரியும். அதிலும் பாதிதான். மீதியை எழுதுவதற்குள், எழுத்து சாய்கிறது என்று பெயிண்டரோடு சண்டை போட்டு அனுப்பிவிட்டார்.

மணிமங்கலத்திலிருந்து மொபெட்டில் கோர்ட்டுக்கு வருவார். வேட்டி, அதன்மேல் கறுப்புக் கோட்டு, பின்னால் கட்டிய குடை. ஓட்டலில் சாம்பாரை ஆட்சேபிப்பார். சலூனில் கண்ணாடியை ஆட்சேபிப்பார். சொந்த மகளின் நிச்சயதார்த்தத்தில் புரோகிதர் லக்னப் பத்திரிகையை வாசித்துவிட்டு, "சபையில யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டு வைத்தார். பெண்ணின் அப்பாவே எழுந்து நின்றார்.

"எனக்கு கீது. முகூர்த்தத்தன்னிக்கு கோர்ட்ல கேஸு கீது."

முகூர்த்தம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டார் அவரிடம் எதையும் கேள்வியாகக் கேட்பதே இல்லை. "காபி சாப்பிடறீங்க" என்று தீர்ப்பாகவே சொல்லிவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் எங்கள் கம்பெனி மாட்டியது. தனியாரும் மின்சாரம் தயாரிக்கலாம் என்று 1991-இல் டில்லியில் கதவைத் திறந்துவிட்டார்கள். எந்த அனுமதியை எந்த ஆபீசில் கேட்பது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஆபீசில் கேட்டால் அடுத்த ஆபீசைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால், "இது நம்மகிட்டயா வருது?" என்று நம்மையே கேட்பார்கள். ஒரகடம் பக்கம் சின்னதாக ஒரு மின்நிலையம் போட பம்பாயிலிருந்து பணம் வந்திருந்தது. நான் கம்பெனியின் சட்டப் பிரிவில் ஜூனியர், இதே வட்டாரத்துக்காரன். அந்தப் படியேறி இறங்கும் உத்தியோகம் என்னுடையது.

அடுத்த கோடையில் இடத்தைப் பார்க்க பம்பாய் என்ஜினீயர் வந்தார். நிலத்தின் நடுவில் ஒரு பள்ளத் தடம், அதில் மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. 'வண்டிப் பாதை' என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதை மூடி எண்ணெய்த் தொட்டி வைக்கத் திட்டம் போட்டுவிட்டார். உண்மையில் அது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய். மழைக்காலத்தில்தான் அது கால்வாய். காய்ந்த பிறகு ஊரே அதில் வண்டி ஓட்டும். அதை மூடினால் ஏரி நிரம்பாது, ஏரி நிரம்பாவிட்டால் ஊருக்கு நெல் கிடையாது.

அனுமதி தருமுன் ஊராரைக் கேட்கவேண்டும் என்று ஒரு அரசாங்க அதிகாரி வந்து பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று அவர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ஆட்சேபணை! அது பாதை இல்லீங்க ஐயா, கால்வாய்."

"தண்ணி எங்கய்யா?"

"தண்ணிதான் என் சாட்சி. சாட்சி இப்போ ஊர்ல இல்ல. ஐப்பசியில வருவாரு. அதுவரிக்கும் வாய்தா குடுங்க, நானே ஆஜர் பண்றேன்."

கூடம் சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போய், மழைக்காலத்தில் இடத்தைப் பார்க்கும்வரை ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது என்று தடை வாங்கிவிட்டார்.

எங்கள் மேனேஜர் மதராஸ்காரர், கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். என்னையும் அழைத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனார்.

"சார், பேசாம நீங்க எங்க கம்பெனிக்கே வக்கீலா வந்துடுங்களேன்."

"வந்துட்டா நான் யார எதுத்து எழுந்து நிக்கிறது? சும்மா குந்திக்கினு இருந்தா முட்டி வலிக்கும் சார்."

ஐப்பசி வந்தது, சாட்சியும் வந்தார். கொஞ்சநஞ்சமாக அல்ல, குடும்பத்தோடு வந்தார். இடத்தைப் பார்வையிட அதிகாரி, மேனேஜர், பம்பாய்க்காரர், நான் எல்லோரும் ஒரே ஜீப்பில் கிளம்பினோம். வரைபடத்தில் பாதை இருந்ததால் டிரைவர் பாதையிலேயே விட்டார். பாதி தூரத்தில் ஜீப் நின்றது. மேனேஜரின் செருப்பு மட்டும் ஏரியை நோக்கிப் பயணத்தைத் தொடர்ந்தது. கரையில் குடையோடும் கறுப்புக் கோட்டோடும் ஒருவர் நின்றிருந்தார்.

"சாட்சி ஆஜர் ஐயா! குறுக்கு விசாரணை பண்றதா இருந்தா எறங்கிப் பண்ணுங்க!"

ஊர்க்காரர்கள்தான் ஜீப்பைத் தள்ளிக் கரையேற்றினார்கள். பம்பாய்க்காரர் புத்திசாலி. வரைபடத்தைத் திருத்தச் சொன்னார். தொட்டிகள் மேட்டுக்குப் போயின, கால்வாய் அப்படியே இருந்தது, அதன் குறுக்கே ஒரு பாலமும் திட்டத்தில் சேர்ந்தது.

மறுபடியும் அதே பள்ளிக்கூடம். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் அதிகாரி. மொத்தக் கூடமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

"இல்லீங்க" என்றார் வக்கீல்.

யாராலும் நம்ப முடியவில்லை. மேனேஜர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலிடத்தில் போன வாரம் விதியை மாற்றிவிட்டார்கள், எல்லா அனுமதியையும் புதிதாக முதலிலிருந்து வாங்கவேண்டும் என்றார். ஒன்றரை வருஷ அலைச்சல் ஒரே வாக்கியத்தில் போயிற்று. பம்பாய்க்காரர் எழுந்து பெட்டியை மூடினார். இந்த ஊரில் இனி பணம் போடுவதில்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"ஆட்சேபணை!"

"இப்பத்தானே இல்லைன்னீங்க? யார் சார்புல?" என்றார் அதிகாரி.

"கம்பெனி சார்புல."

"நீங்க அவங்களுக்கு எதிர்ப் பார்ட்டியாச்சே!"

"அது கால்வாய் விஷயத்துல. இது இன்னா நாயம் ஐயா? பாதி ஆட்டத்துல கோட்ட அழிச்சிட்டு வேற எடத்துல போட்டா, எந்த ஊர்க்காரன் நம்மகிட்ட ஆட வருவான்? புது விதி புதுசா வர்றவனுக்கு. இவங்க பழைய விதியில கேட்டவங்க. முடியாதுன்னா அத எழுதிக் குடுங்க, நாளைக்கே கோர்ட்ல பாத்துக்கலாம்."

கோர்ட் என்றதும் அதிகாரிக்கு ஜீப் ஞாபகம் வந்திருக்கவேண்டும். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பழைய விதியே செல்லும் என்று பதில் வந்தது, அனுமதியும் வந்தது.

அன்று பம்பாய்க்காரர் மூடிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், "யார் இவர்?" என்று கேட்டார். "எங்க ஊர் வக்கீல்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. அவ்வளவு பெருமை எனக்கு.

மின்நிலையத் திறப்பு விழாவில் அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தோம். நாற்காலியை ஆட்சேபித்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் எந்தக் கூட்டத்திலாவது யாராவது "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால், இன்றைக்கும் நான் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறேன்.