முத்விரியின் கட்டமும் கனானுவின் முறமும்

கனானுவின் விரல்கள் முறத்தில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தன. கல் ஒரு பக்கம், பீன்ஸ் ஒரு பக்கம். முதுகுத் துணிக்குள் குழந்தை கெண்டி தூங்கினாள். போன ஞாயிறு இந்த வேலையைப் புருஷன் முத்விரியிடம் விட்டிருந்தாள். அவன் ஒரே ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, "சுத்தம்!" என்று பானையில் கொட்டிவிட்டான். அன்று சோளமும் பீன்ஸும் வேகவைத்த கிதேரி சாப்பிட வந்த அவள் அப்பா, வந்ததைவிட ஒரு பல் குறைவாக ஊர் திரும்பினார்.

இன்று சனிக்கிழமை. முத்விரி லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி வந்தான். பெற்ற பெண்ணை என்றைக்காவது இப்படித் தூக்கியிருக்கிறாரா என்று நினைத்தாள்.

"கெண்டியம்மா, முடிச்சுட்டேன்! நைரோபி கம்பெனி பரீட்சை. மதியத்துக்குள்ள அனுப்பணும், ஒரே தடவைதான். வேலை நம்ம பையில!"

"என்ன பரீட்சைங்க?"

"கட்டம் கட்டமா எழுத்து கொடுப்பாங்க. ஒவ்வொரு வரியையும் ஏ, பி, சின்னு அடுக்கணும். அப்புறம் மேலேருந்து கீழே படிச்சாலும் அதே ஒழுங்கு இருக்கான்னு நான் எழுதின கம்ப்யூட்டர் கோட் பார்க்கும். இருந்தா 'சரி', இல்லேன்னா 'தப்பு'. நாலாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது!"

"ஏ, பி, சி ஒண்ணாவதுலயே முடிஞ்சுடுச்சுங்க."

"அப்படியா? இதுல ஒரு தப்பு கண்டுபிடி பார்க்கலாம். கண்டுபிடிச்சா, சனிக்கிழமை தோறும் கெண்டி என் மடியில, நீ தையல் கிளாசுல. இல்லேன்னா கிளாஸ் பேச்சையே எடுக்கக்கூடாது!"

இரண்டு மாதமாக அவள் கேட்ட கிளாஸ். இரண்டு மாதமாக 'பார்க்கலாம்'.

"வாக்கு மாறமாட்டீங்களே?"

"மேரு ஊர்க்காரன் மாறுவானா?"

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். அட்டைப்பெட்டி மேல் எழுதினாள். மேல் வரியில் ஏ, சி, இசட். கீழ் வரியில் பி, டி, ஈ.

முத்விரி அதை லேப்டாப்பில் தட்டினான். 'சரி' என்று வந்தது.

"பாத்தியா!"

"கடைசியில பாருங்க. இசட்டுக்குக் கீழே ஈ. இது எந்த ஊர் ஒழுங்குங்க?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கோட் வரிகளை மேலும் கீழும் உருட்டினான். முதல் ஜோடியில் ஏ-க்குக் கீழே பி இருந்ததும், கோட் 'சரி' என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறது. மற்ற ஜோடிகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு..." என்று இழுத்தான்.

"சோத்துக்குச் சரிங்க. கல்லுக்கு?"

'சரி' சொல்லும் கோட் வரியை, எல்லா ஜோடிகளையும் பார்த்த பிறகு வரும்படி கீழே நகர்த்தினான். மறுபடி தட்டினான். 'தப்பு' என்று வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பரீட்சையை அனுப்பிவைத்தான்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மக்கெனா கத்தினாள். "அடியே கனானு! போன வாரமே பேர் கொடுத்தியே, இன்னைக்கு முதல் கிளாஸ்டீ!"

முத்விரி திடுக்கிட்டான். "போன வாரமா? பந்தயமே இப்பத்தானே கட்டினோம்! என் கோட் தப்பாத்தான் இருக்கும்னு அப்பவே உனக்கு எப்படித் தெரியும்?"

கனானு துணியை அவிழ்த்துக் கெண்டியை அவன் மடியில் இறக்கினாள். முறத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"கோட் எனக்குத் தெரியாதுங்க. உங்களைத் தெரியும். பீன்ஸ் பாதி மிச்சம் இருக்கு. ராத்திரிக்கு அப்பா வர்றாரு, ஒரு கைப்பிடியோட நிறுத்திடாம—"

"அடியே கனானு! வர்றியா இல்லியா?" வேலிக்கு அப்பால் மறுபடி மக்கெனா.