தாண்டவராயன் சார் படித்த பதில்

ரயில் திண்டிவனத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் கலைப்பிரியா பார்த்தாள். ரோஜாவுக்கு அனுப்ப வேண்டிய லிங்க், துறையின் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது.

வெறும் கேள்விகளாக இருந்தால் பரவாயில்லை. அது அவளுடைய பதில்.

'பணியிடத்தில் அச்சம்' என்பது அவளது முனைவர் பட்ட ஆய்வு. ஆன்லைனில் கேள்விகளை வெளியே விடுவதற்கு முன், வீட்டு லேப்டாப்பையே சர்வராக்கிச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை, உடன் ஆய்வு செய்யும் ரோஜா வந்து போட்டுக் கொடுத்திருந்தாள்.

"சும்மா எதையாவது அடிச்சு ஓட்டிப் பாருடி. பதில் வந்து சேருதான்னு தெரிஞ்சா போதும்."

எதையாவது அடிக்கத்தான் கலைப்பிரியா உட்கார்ந்தாள். 'வேலை செய்யும் இடத்தில் யாருக்கு அஞ்சுகிறீர்கள்?' என்று திரை கேட்டது. அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. விரல்கள் தாமாக ஓடின. துறைத்தலைவர் தாண்டவராயன் சாருக்கு. அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே வயிறு கலங்குகிறது. அவர் சிரித்தால் இன்னும் பயம்.

அடித்து முடித்தபோது காய்ச்சல் விட்டதுபோல் உடம்பு லேசாக இருந்தது. பதில் வந்து சேர்ந்த பக்கத்தின் லிங்க்கை, கிளம்பும் அவசரத்தில் லேப்டாப்பிலிருந்தே அனுப்பினாள். அதுதான் இப்போது குழுவில் கிடந்தது.

அந்தத் தாண்டவராயன்தான் இன்று அவள் ஆய்வுக்கு அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று விட்டால் அடுத்த வருடம்தான்.

பதறி அழித்தாள். அவள் போனிலிருந்து மட்டும் அழிந்தது. மற்றவர்களிடம் அப்படியே இருந்தது.

"தயவுசெய்து அந்த லிங்க்கை யாரும் திறக்க வேண்டாம்" என்று எழுதிப் போட்டாள்.

அதுவரை அந்தக் குழுவில் எதையும் யாரும் கவனித்ததில்லை. இப்போது எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, இன்னா இருக்கு அதுல?" என்று மூத்த பேராசிரியர் விருத்தாசலம் கேட்டார்.

"பார்த்துட்டேன் மேடம். செம!" என்றான் முதுகலை மாணவன் குமரேசன்.

மாணவன் பார்த்ததைத் தான் பார்க்காமல் இருக்கலாமா? விருத்தாசலம் உடனே எழுதினார்: "நானும் பார்த்தேன். துணிச்சல்தாம்மா உனக்கு."

கணவனுக்கு போன் போட்டாள்.

"ஏங்க, லேப்டாப்ப ஜல்தியா ஆஃப் பண்ணுங்க!"

"நானு வானூர்கிட்ட போய்க்கினு இருக்கேன். வூட்ட பூட்டிட்டேனே. இன்னா, தீ கீ புடிச்சிக்கிச்சா?" என்றான் செல்வகுமார்.

"அத விட மோசம்."

"உங்க அம்மா வராங்களா?"

போனை வைத்துவிட்டாள். கடைசியாக ஒன்று தோன்றியது. "அதில் இருப்பது உண்மையில் என் கருத்து அல்ல" என்று எழுதினாள். அனுப்பிய பிறகுதான் புரிந்தது, குற்றவாளிகள்தாம் இப்படிச் சொல்வார்கள் என்று.

குழுவில் ஒருபோதும் வாய் திறக்காத தாண்டவராயன் சார் எழுதினார். "பார்த்தேன். வந்ததும் அறைக்கு வரவும்."

விழுப்புரம் வந்தது. இறங்காமல் இப்படியே திருச்சி வரை போய்விடலாமா என்று ஒரு கணம் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற அம்மாள், "எறங்கறியா, இல்ல வழி வுடறியா?" என்று தள்ளியதில் இறங்கினாள்.

சார் அறையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முழுசாப் படிச்சேன்மா. மொத எழுத்துலேர்ந்து கடைசி வரைக்கும்."

"சார்..."

"நான் அபிப்பிராயம் சொல்றதுக்கு முன்னாடி, அதுல இன்னா சொல்ல வந்தீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. ஆய்வாளர் வாயால கேக்கறதுதான் முறை."

எந்த ஆய்வேடு வந்தாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் இன்று வேண்டுமென்றே வதைக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குதுன்னு எழுதிட்டேன் சார். நீங்க சிரிச்சா இன்னும் பயம்னும் எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க."

கண்ணைத் திறந்தாள். சார் முகத்தில் அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஆமா... அதத்தான்... நானும் படிச்சேன்." பேனாவைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. "மத்தவங்களும் படிச்சிட்டாங்களா?"

"படிச்சிட்டாங்க சார். விருத்தாசலம் சார்கூட துணிச்சல்னு சொன்னாரு."

அவர் முகம் வெளுத்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். தினமும் கல்லூரிக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பார்ப்பது. அச்சத்தைப் பற்றி இவ்வளவு படித்தவளுக்கு, அது மேசையின் அந்தப் பக்கத்திலும் உட்காரும் என்று தோன்றியதே இல்லை.

அனுமதித் தாளில் 'முழுமையாகப் படித்துப் பார்த்தேன்' என்று எழுதி, அவசரமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். "போய்ட்டு வாங்கம்மா," என்ற குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

வெளியே ரோஜா நின்றிருந்தாள். "கையெழுத்து வாங்கிட்டியா? குரூப்புல இன்னாடி அவ்ளோ கலாட்டா?"

கலைப்பிரியா விசும்பியபடி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க ரோஜாவின் வாய் திறந்துகொண்டே போனது.

"அடிப்பாவி, அந்த லிங்க் உன் லேப்டாப்ப வுட்டா வேற எதுலயும் தொறக்காதுடி. திண்டிவனத்துல பூட்டிக் கெடக்கற உன் வூட்டுக்குள்ள பூந்து, எந்த சாருடி படிச்சாரு?"