தேங்காய் எழுந்தால் டவுன் வரும்

இன்னும் இருபது வருஷத்தில் நகரம் எந்தப் பக்கம் வளரும்? மற்ற ஊர்களில் இதற்குப் பொறியாளர்கள் பதில் தேடுவார்கள். திருப்பூரில் எங்களுக்கு ஒரு தேங்காய் போதுமாயிருந்தது.

தேங்காய்ச் சாமி குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மானாவாரிக் காட்டில் நடப்பார். டவுன் வரப்போகிற மண்ணை மிதித்ததும் தேங்காய் விறைத்து எழுந்து நிற்கும். வராத மண்ணில் செத்தது போல் கிடக்கும். முன்பு இதே சாமி இதே வித்தையில் நீரோட்டம் பார்த்தவர். அவர் காட்டிய இடத்தில் போர் போட்டவர்களுக்குப் புழுதிதான் வந்தது. தண்ணீர் வந்ததா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். டவுன் வந்ததா என்று தெரிய இருபது வருஷம் வேண்டும். சாமி தொழிலை மாற்றிக்கொண்டார். எங்கள் ஊரில் தொலைநோக்கோடு திட்டமிட்டவர் அவர் ஒருவர்தான்.

பனியன் ஆர்டர் குவிகிற காலம். கையில் நாலு காசு சேர்ந்தவனெல்லாம் சைட் வாங்கினான். சாமி பல்லடம் ரோட்டுக்கு வருகிறார் என்றதும் பஸ் கொள்ளாத கூட்டம். அதில் நானும் உண்டு. சிவில் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன் நான். நகரமைப்புப் பாடத்தில் தேறவே இல்லை. நல்லூரில் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். விடிய விடிய மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, இந்த ஜனங்கள் ஏன் யோசிப்பதே இல்லை என்று யோசிப்பேன். அப்பேர்ப்பட்ட மேதை, ஷிப்ட் முடிந்து தூங்காமல் பஸ் ஏறித் தேங்காயிடம் யோசனை கேட்கப் போனேன்.

புரோக்கர் கந்தவேலின் காட்டில் தேங்காய் எழுந்து நின்றது. "அரோகரா!" என்றோம். என் குரல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரியின் கோழிப்பண்ணை. சாம்பிராணித் தட்டோடு சீடன் ஒருவன் பின்தொடர, சாமி அங்கே நுழைந்தார். தேங்காய் அசையவில்லை.

அர்த்தநாரியின் முகம் செத்துப்போனது. கந்தவேல் அவர் தோளில் கை போட்டான்.

"செத்த பூமிங்க மாமா. வெச்சுட்டு என்ன பண்றீங்க? வந்த விலைக்கு எனக்கே குடுத்துருங்க. பாவமாயிருக்குது, நானே வாங்கிக்கறேன்."

பாவம் பார்க்க வந்தவன் அக்ரிமெண்ட்டைத் தயாராகச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அர்த்தநாரி பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். அந்தப் பண்ணையை விட்டால் அவருக்கும் அவர் மனைவிக்கும் வேறு பிழைப்பு இல்லை. செத்த பூமிக்கு எங்களில் யார் பரிந்து பேசுவார்கள்?

தீவன வாளியோடு அவர் மனைவி தெய்வாத்தாள் வந்தார்.

"ஏனுங்க, பேனாவை அப்படி வைங்க. முனிசிபாலிட்டில மாஸ்டர் பிளான் படம் மாட்டிருக்குது, போய்ப் பார்க்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டனே! கேட்டீங்களா?"

"படத்தைப் பாத்து நமக்கென்ன தெரியப்போகுது தெய்வா? சாமியே சொல்லீட்டாரு."

தெய்வாத்தாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "சரிங்க சாமி. இதைக் கண்ணுல கட்டிக்கிட்டு இன்னொருக்கா நடங்க."

"தெய்வ சக்தியைச் சோதிக்கக் கூடாதும்மா."

"தேங்காதானுங்க பாக்குது. உங்க கண்ணு எதுக்குங்க?"

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். சாமி ஜெயித்துவிடுவார், இந்த அம்மாவின் வாய் அடங்கிவிடும் என்ற நல்லெண்ணம்தான்.

தெய்வாத்தாள் அவர் கண்ணைக் கட்டி, கண்ணாமூச்சி ஆட்டத்தில் போலச் சுற்றிவிட்டு, வேலிப் படலைத் திறந்துவிட்டார். சாமி தள்ளாடிக் கந்தவேலின் காட்டுக்குள் போனார். எந்த மண்ணில் தேங்காய் துள்ளி எழுந்ததோ அதே மண்ணில் இப்போது குறட்டை விடாத குறையாகத் தூங்கியது. கந்தவேலுக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்தது.

"இந்தா கண்ணு, இதைச் சப்பு" என்று தெய்வாத்தாள் ஒரு இருமல் மிட்டாயை அவன் வாயில் திணித்தார்.

இருமல் நின்றது. சாமிக்கு வழியும் நின்றது. திரும்பி, படலைக் கடந்து, பண்ணைக்குள் வந்தார். சீடன் சாம்பிராணிப் புகையைச் சாமியின் மூக்கிலேயே அடித்துக்கொண்டு கூடவே போனதால் அவருக்கு வேறு எந்த வாசனையும் தெரியவில்லை. எவ்வளவு நேரம்தான் நடப்பது? எங்காவது எழுப்பித்தானே ஆக வேண்டும்? கால் மெத்தென்ற இடத்தில் பட்டதும் எழுப்பிவிட்டார்.

தேங்காய் கம்பீரமாக நின்றது. சாமி முழங்கால் வரை கோழி எருக்குழியில் நின்றார்.

"டவுன் இங்கே வரும்!" என்று முழங்கினார்.

கோழிகள் மட்டும் பதில் சொல்லின.

துண்டு அவிழ்ந்தது. சாமி கீழே பார்த்தார். தெய்வாத்தாள் அந்தத் தேங்காயை வாங்கித் தன் உள்ளங்கையில் படுக்க வைத்து, மணிக்கட்டை லேசாகச் சாய்த்தார். எழுந்து நின்றது. தீவன வாளிக்கு மேல் ஒரு தடவை, கந்தவேலின் பைக்குக்கு மேல் ஒரு தடவை. கூப்பிட்ட இடத்திலெல்லாம் எழுந்தது. அர்த்தநாரி அக்ரிமெண்ட்டைக் கிழித்துத் தீவன வாளியில் போட்டார். கந்தவேல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே பைக்கை உதைத்தான். சாமி செருப்பைக்கூட எருவிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இத்தோடு எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒருவர் மெல்ல முன்னால் வந்தார்.

"ஏனக்கா, அந்த எருக்குழி இடம் மட்டும் குடுப்பீங்களா? என்ன இருந்தாலும் தேங்கா நின்ன இடமாச்சே…"

அவர் பின்னால் வரிசை நின்றது. அந்த வரிசையில் யாருக்குப் பின்னால் நான் நின்றேன் என்பதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

தெய்வாத்தாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "தேங்காய்க்கு மூணு கண்ணு, ஒண்ணுலயும் பாக்காது. உங்களுக்கு ரெண்டு இருக்குது. என்ன பிரயோசனம்?"

மறுநாள் முனிசிபாலிட்டிக்குப் போனேன். படத்தின் மேல் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள். விலக்கிப் பார்த்தேன். நாங்கள் அரோகரா போட்ட கந்தவேலின் காட்டில், சாயக்கழிவு சுத்திகரிக்கும் ஆலைக்கு ஒதுக்கிய இடம் என்று எழுதியிருந்தது. கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "படம் பாக்க வந்தீங்களா? மாட்டுன நாளா ஒருத்தரும் வரலீங்க. காலைல ஒரு கோழிப்பண்ணை அம்மா வந்தாங்க. அப்புறம் நீங்கதானுங்க."

படம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. ஆட்சேபணை சொல்ல நாளும் இருக்கிறது. போய் உங்கள் கண்ணால் பாருங்கள். தேங்காயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், சட்னிக்காவது ஆகும்.