பக்கத்து நாற்காலிகளின் பக்கவிளைவுகள்

அன்புள்ள மச்சானுக்கு,

கைநாட்டு என்று நீ பட்டம் கொடுத்த உன் அக்கா புருஷன் எழுதுவது. என் கையால், பேனா பிடித்து, வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கி எழுதுவது. நீ நலமா என்று முதலில் கேட்பது முறையாம், கேட்டாச்சு. இனி நான் சொல்வதைக் கேள்.

என் வயிற்றுப் புற்றுக்கட்டிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் அல்லவா, அதில் சேர்ந்தவுடன் நர்சம்மா ஒரு நோட்டைக் கொடுத்து, "ஐயா, உடம்புக்கு என்ன பண்ணுதோ தினமும் இதுல எழுதணும். என்னைக்கு ஆரம்பிச்சுது, என்னைக்கு முடிஞ்சுதுன்னும் போடணும்" என்றாள். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்று நாலே மாதமான ஆளிடம் வெற்று நோட்டைக் கொடுக்கலாமா? எனக்கு வந்ததோ வாய்ப்புண் ஒன்றுதான். அதை முதல் நாளே எழுதித் தீர்த்துவிட்டேன். மீதிப் பக்கமெல்லாம் வெள்ளையாக என்னையே பார்க்க, மருந்து ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர், "எனக்கு முட்டி வலி, அதையும் போடுங்க பெரியவரே" என்றார். போட்டேன். எதிர் நாற்காலி அம்மா முடி கொட்டுவதைச் சொன்னாள், அவள் மருமகள் மசக்கையைச் சொன்னாள், டீ கொண்டுவருகிறவர் மூலத்தைச் சொன்னார். மூலம் என்று எழுதிப் பார்த்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா! பெயர் போடச் சொல்லவில்லையே என்று யார் பெயரையும் போடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்று டாக்டர்கள் அந்த நோட்டைப் புரட்டி வெளிறிப் போனார்கள். ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறதாம், ஆனாலும் ஒரே உடம்பு இருபத்தேழு பக்கவிளைவைத் தாங்காது, மருந்தை நிறுத்திவிடலாம் என்றார்கள். எனக்கு உயிரே போய் வந்தது. பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, உங்களுக்கு எழுபத்தொரு வயசு. மசக்கைன்னு போட்டிருக்கீங்களே?"

"அது எனக்கில்லீங்க, எதிர் நாற்காலியம்மா மருமகளுக்கு. மூணாவது மாசம்."

உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டர், இந்த மனுஷன் எழுதக் கத்துக்கிட்டதுதான் பெரிய பக்கவிளைவு. அதுக்கு மருந்து இருந்தா குடுங்க!"

அப்புறம் என்ன, ஒவ்வொரு வரிக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். டீக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே மூலத்தை ஏற்றுக்கொண்டார். 'பயம், தூக்கம் இல்லை' என்ற வரிக்கு மட்டும் ஆள் இல்லை. வாசல் காவலருடையது என்று சொல்லிவிட்டேன். என் பேரில் வாய்ப்புண் ஒன்றே மிஞ்ச, மருந்து தொடர்கிறது மச்சான்! கட்டி பாதி, எழுத்து முழுசு!

நீயும் பிள்ளைகளும் நோட்டில் எழுத ஒன்றுமில்லாமல் நூறு வயது இருங்கள். கீழே பார், ரேகை இல்லை, கையெழுத்து.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: அந்த மீசைக்காரக் காவலரை நாளைக்கு மனநல டாக்டரிடம் அனுப்புகிறார்களாம். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. பயம் என்னுடையது. இந்த இடத்தை மட்டும் உன் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டாதே. காலையில் நானே போய் நோட்டில் திருத்தப் போகிறேன். ஆரம்பித்த நாள்: கட்டி என்று சொன்ன நாள். முடிந்த நாள்: இன்று, இந்தக் கடிதத்தை மடிக்கும்போது.